பன்னிரண்டு முழக் கிணறு

போன மாசி மாதம் ஒரு காலை, ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் போன் செய்து என்னைத் திட்டினார். திட்டு என்றால் அந்த ஊர் வழக்கப்படி, மரியாதை ஒரு துளி குறையாமல்.

"ஸார், உங்க கம்ப்யூட்டர் படத்துல எங்காத்துக் கெணறு சித்திரையில ரெண்டடிக்கு மேல ஏறித்துன்னு போட்டிருக்கேள். அந்தச் சித்திரையிலதான் எங்காத்து மோட்டார் வெறும் காத்தை இழுத்துது. லாரித் தண்ணி வாங்கிக் குடிச்சோம். எந்தக் கெணறு ஸார் கோடையில ஏறும்?"

எந்த வருஷத்துச் சித்திரை என்று கேட்டேன். சொன்னார். எந்த வீடு என்று கேட்டேன். உத்தர வீதியில் ஒரு வீட்டைச் சொன்னார். அதே கிணறு, அதே சித்திரை. அதை வைத்துத்தான் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெண்மணியிடம், நீங்கள் கிணற்றுக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள் என்று சொன்னேன். நேராகச் சொல்லவில்லை. நேராகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

போனை வைத்த பிறகு வேலை ஓடவில்லை. பழைய சனிக்கிழமைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

எங்கள் ஆபீஸ் மன்னார்புரத்தில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடி. நாலு நாற்காலி, இரண்டு கம்ப்யூட்டர், மழைக்கு ஒழுகும் ஒரு மூலை, பச்சை பெயின்ட் அடித்த ஒரு இரும்பு பீரோ. நிலத்தடித் தண்ணீரைப் பற்றி வேலை செய்கிறோம் என்று பலகையில் எழுதியிருக்கும். டயர் கடைக்கு வருகிறவர்கள் எங்களைப் போர் போடுகிற ஆட்கள் என்று நினைத்து மேலே ஏறி வந்துவிடுவார்கள்.

ஸ்ரீரங்கத்தில் கொல்லைப்புறத்தில் பழைய கிணறு இன்னும் இருக்கிற வீடுகளாக நாற்பது வீடு பிடித்தோம். ஒவ்வொரு சனிக்கிழமையும், கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் வரைக்கும் எத்தனை அடி என்று அளப்பது. அந்த அளவுகளை வைத்து நான் கம்ப்யூட்டரில் ஒரு படம் செய்தேன். ஸ்ரீரங்கத்தின் வரைபடம்; ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு நீல வட்டம்; அடியில் ஒரு இழுப்பான். அதைப் பிடித்து இழுத்தால் தேதி நகரும், தண்ணீர் ஏற ஏற வட்டம் பெரிதாகும், இறங்கினால் சுருங்கும். யார் வேண்டுமானாலும் போனில் திறந்து தன் தெருவைத் தொட்டுப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் எனக்கு அதைவிட அழகான பொருள் உலகத்தில் கிடையாது. ஆபீசுக்கு வருகிற தபால்காரரைக்கூட விடாமல் உட்கார வைத்து இழுத்துக் காட்டியிருக்கிறேன்.

அளக்கிற வேலை அக்காவுடையது. அக்கா என்றால் என் கூடப்பிறந்தவர் இல்லை. மேலப்புதூரில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்தவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய அதிரசமும் முறுக்கும் கொண்டு வந்து, "எண்ணாதீங்க, தின்னுங்க" என்று என் மேஜையில் வைப்பார். சனிக்கிழமை காலையில் மொபெட்டில் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போவார். கையில் நுனியில் ஈயக் குண்டு கட்டிய ஒரு நாடா, நீல அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு, பென்சில். பேனாவில் எழுத மாட்டார். கிணற்றடியில் தண்ணீர் தெறித்தால் மை கலையும் என்பார்.

நோட்டில் எண் மட்டும் இருக்காது. "கைப்பிடிச் சுவர் புதுசா ஒரு செங்கல் உயரம் கட்டியிருக்காங்க, அதைக் கழிச்சாச்சு." "பக்கத்து வீட்டில் கல்யாணம், காலையிலிருந்து மோட்டார் ஓடுது." "நாய் விடலை, அரை மணி கழிச்சு மறுபடி போனேன்." எனக்குச் சிரிப்பாக இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்து, குறிப்பு உட்பட, எனக்கு மெயிலில் அனுப்புவார். நோட்டு திங்கட்கிழமை பீரோவுக்குள் போகும்.

முதல் இரண்டு மாதம் நானும் அவரோடு போனேன். உத்தர வீதியில் அந்த வீட்டுக்கு முதலில் போனது நன்றாக நினைவிருக்கிறது. அண்ணன் தம்பி இரண்டு பேர் குடும்பத்தோடு ஒன்றாக இருந்தார்கள். அண்ணனுக்கு எழுபது வயது இருக்கும், குள்ளமாக, பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு இருந்தார். அக்கா நாடாவை எடுத்ததுமே கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"செத்த இருங்கோ. பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்கற கெணறு இது. வெளி நாடாவெல்லாம் உள்ளே விடப்படாது. அடியேனே கயித்தை விட்டுப் பார்த்துச் சொல்றேன், எழுதிக்கோங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. இந்தக் காலத்திலுமா என்று வாயைத் திறக்கப் போனேன். அக்கா என்னைப் பார்க்காமலே, "சரிங்கய்யா, நீங்களே சொல்லுங்க" என்று ஒதுங்கி நின்றார். பெரியவர் தோண்டியைக் கயிற்றில் இறக்கினார். தோண்டியின் அடி தண்ணீரைத் தொட்டதும், சுவரை ஒட்டிக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேலே இழுத்து முழம் போட்டார். பன்னிரண்டு.

"ஐயா, உங்க முழம் எவ்வளவு இருக்கும்?" என்று அக்கா கேட்டார்.

"முழம்னா முழம்தான், வேறென்ன?"

அக்கா பையிலிருந்து ஒரு தையல் டேப்பை எடுத்துத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார். பெரியவர் சிரித்துக்கொண்டே அதை எடுத்து, தன் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் தானே பிடித்துக் காட்டினார். பதினேழு அங்குலம். பன்னிரண்டு முழம், ஆக சரியாகப் பதினேழு அடி. அக்கா எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது, "அடுத்த வாரம் அவருக்கு ஒரு சட்டை தைச்சு எடுத்துட்டு வந்துடுங்க அக்கா" என்று கிண்டல் செய்தேன்.

"சிரிங்க தம்பி, சிரிங்க. எங்க கோயில் வாசல்ல ரெண்டு பூக்காரம்மா இருக்காங்க. நான் கை நீளமா இருக்கிறவங்ககிட்டதான் பூ வாங்குவேன்" என்றார்.

அந்த ஆடியில் காவேரியில் தண்ணீர் வந்த சனிக்கிழமை அவர் பாலத்திலிருந்து போன் செய்தார். வண்டிகள் எல்லாம் ஓரம் கட்டி நிற்கிற சத்தம் போனில் கேட்டது. "தம்பி, தண்ணி வந்துடுச்சு! நுரையும் குப்பையுமா வருது. நான் எறங்கி நின்னு பாத்துட்டுதான் போவேன், லேட்டாகும்." லேட்டாகட்டும் என்றேன். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ஆற்றங்கரையை ஒட்டின வட்டங்கள் முதலில் பெருத்தன, பிறகு உள்வீதிகள். ஒவ்வொரு வாரமும் அவரைக் கூப்பிட்டு இழுப்பானை இழுத்துக் காட்டுவேன். "நான் பென்சில்ல எழுதினதா இது!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அப்படிச் சந்தோஷமாக ஒரு வருஷம் வேலை பார்த்தோம்.

அடுத்த ஆடியில் திட்டத்தைப் பார்வையிட வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வாசலில் கோலம் போடாத குறையாக ஆபீசைத் துடைத்து வைத்திருந்தோம். அவர்களில் ஒருவர் இழுப்பானைத் தானே வாங்கி, பங்குனி, சித்திரை என்று நகர்த்தினார். முப்பத்தொன்பது வட்டங்கள் வாடிச் சுருங்கின. உத்தர வீதியில் ஒரே ஒரு வட்டம் மட்டும் சித்திரையில் குபுக்கென்று பெருத்தது.

"இந்த வீட்ல மட்டும் கங்கை வருதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "அளக்கிறவங்க நெஜமாவே போறாங்களா, இல்ல வீட்ல உட்கார்ந்து எழுதிடுறாங்களா?"

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். சமோசாவைத் தின்றுவிட்டு மறந்தும் போயிருப்பார். எனக்குத்தான் காது மடலெல்லாம் சுட்டது. என் அழகான படத்தை என் கண் முன்னால் ஒருத்தர் கேலி செய்துவிட்டார். அவர்கள் படி இறங்கினதும் ஃபைலைத் திறந்தேன். பங்குனிக் கடைசியில் பதினெட்டு அடி, சித்திரையில் பதினைந்தே முக்கால் அடி. அக்காவைக் கூப்பிட்டேன்.

"நான் அப்படி அனுப்பலையே தம்பி."

"ஃபைல் சொல்லுதே அக்கா."

"ஃபைல் என்னத்தச் சொல்லும்? நோட்டைப் பாருங்க. பீரோவுலதான இருக்கு."

நான் எழுந்திருக்கவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னேன். "ஒரு சனிக்கிழமை போக முடியாம இருந்திருக்கலாம். வெயில் வேற. சொல்லிட்டா முடிஞ்சு போச்சு, பெரிய விஷயமில்ல. ஆனா ஒரு வீட்டுக்கு அப்படின்னா மத்த வீட்டையும் நான் சந்தேகப்படணும்ல?"

அக்கா நாடாவைச் சுருட்டி மேஜை மேல் வைத்தார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். "சரிங்க சார்" என்றார். அதுவரைக்கும் அவர் என்னை சார் என்று கூப்பிட்டதே இல்லை. அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. நானும் போன் செய்யவில்லை. அவர் வராததையே அவருக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டேன், அதுதான் என் லட்சணம்.

பிறகு கிணறுகளில் தானாக அளக்கிற கருவி வைத்தோம். அந்த வீட்டில் மட்டும் கருவிக்கும் அனுமதி இல்லை. அவர்கள் வட்டம் அக்கா வேலையை விட்ட ஆடியோடு நின்றுவிட்டது.

இடைப்பட்ட வருஷங்களில் நானும் தொழிலைக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். இப்போது எங்கள் ஆபீசில் வந்த அளவுகள் வந்தபடியே ஒரு ஃபோல்டரில் பூட்டிக் கிடக்கும். யாரும் கை வைக்கக் கூடாது, நான் உட்பட. என்ன திருத்தமானாலும் அதை ஒரு புரோகிராமில் வரியாக எழுதி, யார் எழுதினது, ஏன் எழுதினது என்று பக்கத்திலேயே குறிக்க வேண்டும். புரோகிராமை ஓட்டினால் இன்றைக்கும் நாளைக்கும், என் கம்ப்யூட்டரிலும் அடுத்தவர் கம்ப்யூட்டரிலும், அதே படம் வர வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை இந்த விஷயத்தில் நான் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை. அக்கா காலத்தில் இதெல்லாம் கிடையாது. 'கிணறு புதுசு', 'கிணறு கடைசி', 'கிணறு கடைசி இதுதான்' என்று ஃபைல்கள் இருக்கும். எது எதிலிருந்து வந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. அந்தப் பழைய படத்தை மட்டும் யாரும் தொடாமல் அப்படியே விட்டு வைத்திருந்தோம். போன் வந்தது அதைப் பார்த்துத்தான்.

போன் செய்தவர் உத்தர வீதி வீட்டுத் தம்பி. அண்ணன் இரண்டு வருஷம் முன்னால் ஆசாரியன் திருவடி அடைந்துவிட்டார் என்று சொன்னார். அவரையே திரும்பக் கூப்பிட்டு, அந்தச் சித்திரையில் கயிறு விட்டு அளந்தது யார் என்று கேட்டேன்.

"அண்ணாவுக்கு அப்போதான் கண் ஆபரேஷன் ஆகி, குனியப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். நான்தான் அளந்தேன். அந்தம்மா என் கையையும் டேப்பால அளக்கச் சொல்லி எழுதிண்டாளே. அண்ணாவைக் காட்டிலும் நான் ஒரு சாண் ஒசரம் ஸார்."

மெயிலில் போய்த் தேடினேன். அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் அனுப்பினது எல்லாம் அனுப்பினபடியே அங்கே இருந்தது. எனக்குத்தான் மெயிலில் இருப்பதைத் திருத்த வழியில்லையே. சித்திரை முதல் சனிக்கிழமை: பத்தரை முழம், பதினேழு அடி முக்கால் அங்குலம். என் ஃபைலில் அதே வரியில் பதினைந்தே முக்கால் அடி. கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பத்தரையைப் பதினெட்டு அங்குலத்தால் பெருக்கினால் வருகிற எண் அது.

பெருக்கினது நான்தான். மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. பார்வையிட வருகிறவர்களுக்காக ஆனி மாதத்தில் ஃபைலைச் சுத்தம் செய்தேன். நாற்பது வீட்டில் ஒரு வீட்டுக்கு மட்டும் முழம் என்று தனிப் பத்தி இருந்தது என் கண்ணை உறுத்தியது. பன்னிரண்டு முழத்துக்கும் பதினேழு அடி, பத்தரை முழத்துக்கும் பதினேழு அடியா? அக்கா கணக்கில் தடுமாறிவிட்டார் என்று முடிவு கட்டினேன். முழம் என்றால் பதினெட்டு அங்குலம், யாருக்குத்தான் தெரியாது? சந்தேகத்துக்கு என் கையில் ஸ்கேல் வைத்துக்கூடப் பார்த்தேன், பதினெட்டேதான். அந்த வீட்டு வரிகளை எல்லாம் ஒரே தட்டில் மாற்றி, குறிப்புப் பத்தியைப் படிக்காமலே அழித்து, அதே ஃபைலின் மேலேயே சேமித்து, டீ குடிக்கக் கீழே போனேன். அன்றைக்கு அப்படி ஐம்பது திருத்தம் செய்திருப்பேன். ஒரு மாதம் கழித்து அந்த எண்ணைப் பார்த்தபோது அது என் கைவேலை என்று சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை.

பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தேன். பென்சில் எழுத்து கொஞ்சமும் கலையவில்லை. "அண்ணன் கண் ஆபரேஷன். தம்பி அளந்தார், உயரமானவர், அவர் முழம் பத்தொன்பதரை. போன வாரத்துக்கு முக்கால் அங்குலம் இறக்கம். வீட்டில் தண்ணீர்க் கஷ்டம்." கடைசி வரியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீசில் மற்றவர்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்று அழுதேன்.

அக்காவின் மெயில்களை வந்தபடியே பூட்டி வைத்துவிட்டு, அவற்றிலிருந்து புரோகிராமை முதலிலிருந்து எழுதினேன். அண்ணன் கைக்குப் பதினேழு, தம்பி கைக்குப் பத்தொன்பதரை என்று இரண்டு வரி. ஓட்டினேன். சித்திரையில் உத்தர வீதி வட்டமும் மற்ற முப்பத்தொன்பதோடு சேர்ந்து சுருங்கியது. மூன்று தடவை ஓட்டினேன், மூன்று தடவையும் சுருங்கியது. பழைய தவறு யாருடையது என்று எழுதுகிற இடத்தில் என் பெயரை எழுதினேன். ஏன் என்ற இடத்தில், நோட்டைப் பார்க்கவில்லை என்று எழுதினேன்.

தவக்காலம் ஆரம்பித்திருந்தது. மாதா கோயில் வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன். வீடு மாறவில்லை. அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. ஒரு ஸ்கூல் ஆபீசில் வேலை செய்கிறாராம்.

"வாங்க சார், உட்காருங்க" என்றார். டீ கொடுத்தார்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. "அக்கா, நீங்க சரியாதான் எழுதியிருந்தீங்க. மாத்தினது நான். மாத்தினதை மறந்துட்டு உங்களைக் கேட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். சித்திரைக்குத்தான் போவார் என்று நினைத்தேன். அவர் முதல் வருஷத்து ஆடிக்குப் போனார். ஆற்றோரத்து வட்டங்கள் பெருப்பதைப் பார்த்தார். "பாலத்துல நின்னு போன் பண்ணேனே, அந்த சனிக்கிழமைதானே இது?" ஆமாம் என்றேன். அப்படியே மெதுவாக இழுத்துக்கொண்டு பங்குனி, சித்திரை என்று வந்தார். உத்தர வீதி வட்டம் அவர் விரலுக்கு அடங்கிச் சுருங்கியது. அங்கேயே நிறுத்தினார்.

"ஏன் வேலைய விட்டேன்னு எல்லாரும் கேட்டாங்க சார். வெயில் ஒத்துக்கலைன்னு சொல்லிட்டேன். என் வீட்டுக்காரர்கிட்டயும் அதான் சொன்னேன். நான் பொய் எழுதினேன்னு ஒருத்தர் சொல்லிட்டாருன்னு எப்படிச் சொல்றது?"

டீ ஆறிப்போயிருந்தது, அதையே குடித்து முடித்தேன். கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார். கோபமாக இருந்த மாதிரித் தெரியவில்லை. ஏதோ மறந்துபோனதைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"தம்பி, உங்க நாற்காலிக்கும் அந்தப் பீரோவுக்கும் எத்தனை முழம் இருக்கும்?"

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஆபீசுக்குப் போனேன். நாற்காலி பழைய இடத்தில்தான் இருந்தது, பீரோவும் அப்படியே. தரையில் குனிந்து, என் கையாலேயே முழம் போட்டுப் பார்த்தேன். நாலு முழம்தான் இருந்தது.